சனி எங்கே இருக்கிறார்? சோழிக் கணக்கிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கு வரை

இந்த ஆண்டு மார்ச் மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். தண்ணீர் லாரிக்கும் இல்லை, பார்க்கிங்குக்கும் இல்லை. சனிபகவானுக்கு. மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி, நம் பிள்ளையார் கோவிலில் ஹோமம் வைக்க வேண்டும், ஃபிளாட்டுக்கு 300 ரூபாய் வசூல் என்று ஏ பிளாக்கில் இருந்து ஒரு செய்தி வந்தது. ஐந்தே நிமிடத்தில் சி பிளாக்கில் இருந்து பதில். "திருநள்ளாறிலேயே இந்த வருஷம் பெயர்ச்சி இல்லைன்னு சொல்லிட்டாங்க. 2026 மார்ச் 6-தான். நாம மட்டும் தனியா எதுக்கு?" அதன் பிறகு இரண்டு நாள் ஃபோனைச் சார்ஜில் போட்டுக்கொண்டேதான் படிக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட விவாதங்களில் நான் தலையிடுவதில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை லிஃப்ட் வாசலில் நான்காவது மாடி அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனுக்கு மகர ராசி. சனி கும்பத்தை விட்டுக் கிளம்பினால் பையனுக்கு ஏழரை முடிகிறது. அதற்கப்புறம்தான் பெண் பார்ப்பது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு பஞ்சாங்கம் இந்த மாதமே முடிகிறது என்கிறது, இன்னொன்று இன்னும் பதினோரு மாதம் என்கிறது. பையனுக்கு 34 வயது. "நீங்க முப்பத்தேழு வருஷம் பேங்க்ல கணக்குப் பார்த்தவர் சார். சனி இப்ப எங்கதான் இருக்கார்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிடுங்க" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஐ.டி.யில் இருக்கும் என் மகனின் உதவியோடு, கிரகங்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் ஒரு மென்பொருளை இறக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு தேதியைக் கண்டுபிடித்தேன். ஏப்ரல் முதல் வாரம் என்று வந்தது. அதைப் பெருமையாகக் குழுவில் வேறு போட்டேன். இரண்டு தேதிக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தவர் என்று இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சண்டையில் அவர்கள் ஒன்று சேர்ந்தது அந்த ஒரு முறைதான்.

தவறு எங்கே என்று தேடப் போய் இருநூறு முந்நூறு வருடக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன். சனி பலன் தருமா தராதா என்பது என் விஷயம் இல்லை. நான் பி.காம். இடத்தை மட்டும் பார்ப்போம்.

முதலில் வாக்கியப் பஞ்சாங்கம். அதன் பெயரிலேயே செய்முறை இருக்கிறது. சந்திரன் நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்பதை 248 சிறு சமஸ்கிருத வாக்கியங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வரருசி என்பவர் பெயரால் அவை வழங்குகின்றன. க, ட, ப, ய என்ற எழுத்துகளுக்கு மதிப்பு 1, அவற்றுக்கு அடுத்து வரும் எழுத்துகளுக்கு 2, 3 என்று எண்கள். வாக்கியத்தைக் கடைசி எழுத்தில் இருந்து திருப்பி எண்ணாக மாற்றினால் சந்திரனின் ராசி, பாகை, கலை வந்துவிடும். முதல் நாள் வாக்கியம் தரும் எண் 12 பாகை 3 கலை. ஏன் 248? சந்திரன் பூமிக்கு அருகில் வந்து, விலகிப்போய், மறுபடி அருகில் வர சுமார் 27.55 நாள் ஆகிறது. அருகில் இருக்கும்போது வேகமாக ஓடும், தூரத்தில் மெதுவாக நகரும். அப்படி ஒன்பது சுற்று முடிய 247.99 நாள். 248 நாள் ஆனதும் அதே பட்டியல் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். மிச்சம் நிற்கும் சில்லறையைச் சரிக்கட்ட 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகளும் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ரெடி ரெக்கனர். 1981-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வட்டிக் கணக்கு எல்லாம் கையால்தான். ஒவ்வொரு மேஜையிலும் தடிமனாக ஒரு ரெடி ரெக்கனர் இருக்கும். அசல், நாள், விழுக்காடு, மூன்றையும் பார்த்து விரல் வைத்தால் வட்டி வந்துவிடும். அந்தப் புத்தகத்தைப் போட்டவர் எப்படிக் கணக்கிட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலேயே ஒரு கிளையின் அரையாண்டு வட்டியை முடித்துவிடுவோம். வாக்கியமும் அப்படித்தான். பெருக்கல் வகுத்தல் குறைவு, ஓலையும் குறைவு, மனப்பாடம் போதும். கலியுகம் தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18-ல் இருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எண்ண வேண்டும். 2025 மார்ச் 29 அன்று அந்த எண் ஏறத்தாழ 18 லட்சத்து 72 ஆயிரம். அதைச் சுற்று சுற்றாகக் கழித்து, மிச்சம் நிற்கும் நாளுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் விடை. சுமார் 1300-ல் நம் பக்கத்தில் எழுதப்பட்ட 'வாக்யகரணம்' என்ற நூல் இந்த முறையைச் சூரியன் முதல் சனி வரை எல்லாவற்றுக்கும் விரித்துச் சொல்கிறது. எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. 1962-ல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதைச் சென்னையில் பதிப்பித்தார்கள்.

இந்த முறை எவ்வளவு துல்லியம் என்று வெளியார் இருவர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். இருவருமே பார்த்தது புதுச்சேரிப் பக்கத்துக் கணக்கர்களை.

முதலாமவர் லெ ஜான்டீ என்ற பிரெஞ்சு வானியலர். பாவப்பட்ட மனிதர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதைப் பார்க்கப் பிரான்ஸில் இருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் இருந்து எதை அளப்பது? அடுத்த கடப்பு 1769-ல் என்பதால் ஊர் திரும்பாமல் எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றி, ஒருவழியாகப் புதுச்சேரி வந்து, தொலைநோக்கியை நிறுத்திக் காத்திருந்தார். ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. ஊருக்குத் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டிச் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில் உருப்படியாக ஒரு வேலை செய்தார். உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. அன்றைக்கு ஐரோப்பாவிலேயே சிறந்ததென்று பேரெடுத்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகம்.

இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் பலர் மார் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜான் வாரன் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1825-ல் 'கால சங்கலிதம்' என்ற பெரிய புத்தகத்தை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் அந்த ஆண்டு மே 31 இரவு நடக்கவிருந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணக்கிட்டுக் காட்டினார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, மனப்பாடமாக இருந்த சொற்களில் இருந்து எண்களை எடுத்துக் கணக்கு முடிந்துவிட்டது. வானியல் கோட்பாடு எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது என்று வாரன் குறிக்கிறார். எங்கள் ரெடி ரெக்கனர் கதைதான். கிரகணத்தின் தொடக்கத்தில் வித்தியாசம் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

ஓட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் 1952-ல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சோழிக் கணக்கை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். இதே 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் கிரேக்கப் பாப்பிரஸ் தாள்களிலும் இருந்ததால்தான் அவருக்கு அதில் அவ்வளவு ஆர்வம். அங்கெல்லாம் எப்போதோ மறைந்துபோன முறை, 1825-ல் புதுச்சேரித் திண்ணையில் உயிரோடு இருந்திருக்கிறது.

ஒரு கணக்கில் வித்தியாசம் 41 விநாடி, இன்னொன்றில் 52 நிமிடம். ஒரே முறையில் இது எப்படி? காமர்ஸ் படித்தவர்களுக்கு 'ஈடுசெய் பிழை' நினைவிருக்கும். ஒரு கணக்கில் நூறு ரூபாய் கூடுதலாக எழுதி, இன்னொன்றிலும் அதே நூறு கூடிவிட்டால் இருப்பாய்வு அழகாக டேலி ஆகிவிடும். பிழை உள்ளேயே இருக்கும். எங்கள் கிளையில் ஒரு முறை சேவிங்ஸ் லெட்ஜர் ஆறு மாதம் அப்படி டேலி ஆகிக்கொண்டே வந்தது. ஏழாவது மாதம் ஒரு வாடிக்கையாளர் பாஸ்புக்கோடு வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு கிரகணத்தின் நீளம் பொருந்திவிட்டது என்பதை வைத்து முறையே சரி என்று கையெழுத்துப் போட முடியாது. அடுத்தடுத்து வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏனென்றால் சிறு பிழை சும்மா இருப்பதில்லை, முன்கொணரப்பட்டுக்கொண்டே போகும். ஆரியபட்டர் வழியில் ஒரு ஆண்டு என்பது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. நட்சத்திரங்களை வைத்து இன்று அளந்தால் 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. வித்தியாசம் 3 நிமிடம் 20 விநாடிதான். வெறும் கண்ணால் பார்த்து இவ்வளவு நெருங்கினாரே என்று கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதையே 1500 ஆண்டுக்குக் கூட்டினால் சுமார் மூன்றரை நாள். ஒவ்வொரு கிரகத்தின் சுற்றுக்கும் இப்படி ஒரு சில்லறை உண்டு. அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவ்வப்போது வானத்தைப் பார்த்து ஒரு திருத்தம் சேர்ப்பார்கள். அதற்கு 'பீஜ' திருத்தம் என்று பெயர். கேரளத்தில் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கவனித்துவிட்டு, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி 1431-ல் 'த்ருக்கணிதம்' எழுதினார். த்ருக் என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு பொருந்துகிற கணிதம். நம் வாயில் அது திருக்கணிதம் ஆகிவிட்டது. ஆக, திருக்கணிதம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தது சரியில்லை.

சென்னையில் அந்த வேலையைச் செய்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். 1867-ல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் ஃபெல்லோ ஆனார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்று பொதுமக்களுக்கு விளக்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சிறு புத்தகம் போட்டார். இரவில் வானாய்வகத்தில் தொலைநோக்கி, பகலில் பஞ்சாங்கம். ஆங்கிலேயரின் கடல்பயண அட்டவணையில் இருந்த கிரக நிலைகளை எடுத்து, நம் திதி நட்சத்திரத்துக்கு மாற்றி, த்ருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1880-ல் காலமானார். நம் ஊரில் இவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்கலாம் என்பது என் ஆசை.

அடுத்த கட்டம் கம்ப்யூட்டர். அதுவரை கிரக அட்டவணை என்றால் நீள நீளமான சூத்திரங்கள். அவற்றை விட்டுவிட்டு வேறு ஒரு வழி வந்தது. இன்று எல்லாக் கிரகமும் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்தால், ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கிறது என்று நியூட்டன் விதிப்படி கணக்கிடலாம். அந்த இழுப்பைச் சேர்த்து அடுத்த தேதிக்கு நகர்த்தலாம். அங்கிருந்து மறுபடி கணக்கு, மறுபடி நகர்த்தல். கூட்டு வட்டியை ஒவ்வொரு தவணையாகப் போட்டுக்கொண்டு போவது மாதிரி. கையால் செய்தால் ஆயுள் போதாது. நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனம் தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி ஒரு பிரம்மாண்ட இயந்திரத்தை வைத்திருந்தது. அதில் எக்கர்ட் என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் வியாழன், சனி முதலான ஐந்து வெளிக் கிரகங்களுக்கு 1653 முதல் 2060 வரை, நாற்பது நாளுக்கு ஒரு நிலையாகக் கணக்கிட்டு 1951-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். நம் 2025 சனியும் அதில் இருக்கிறார்.

பிறகு அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி இதைக் கையில் எடுத்தது. அவர்களுக்குப் பஞ்சாங்கக் கவலை இல்லை. அனுப்பும் விண்கலம் கிரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அப்போலோ 11 வீரர்கள் 1969-ல் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பலகைமேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துச் சந்திரனின் தூரத்தை அளக்கிறார்கள். வெள்ளிக்கு ரேடார். சனியைச் சுற்றி 2004 முதல் 2017 வரை காசினி என்ற விண்கலம் இருந்தது. அதனோடு பேசிய ரேடியோ அலைகளை வைத்துச் சனியின் இடத்தையும் இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். 2013-ல் வெளியான அவர்களுடைய டி.இ.431 என்ற அட்டவணை கி.மு. 13,201-ல் இருந்து கி.பி. 17,191 வரை போகிறது. பரமேசுவரர் கண்ணால் செய்த வேலைதான். கருவி மாறியிருக்கிறது.

அந்த அட்டவணை 2.8 ஜி.பி. சுவிட்சர்லாந்தில் அஸ்ட்ரோடீன்ஸ்ட் என்ற நிறுவனத்தின் டீட்டர் கோக், அலோயிஸ் டிரைன்ட்ல் என்ற இருவர், இப்படிப்பட்ட அட்டவணைகளைச் சுருக்கி, யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும்படி 'சுவிஸ் எஃபெமெரிஸ்' என்ற பெயரில் 1997-ல் வெளியிட்டார்கள். டி.இ.431 வந்ததும் அதையும் 99 எம்.பி.க்குள் அடக்கிவிட்டார்கள். இதை சாஃப்ட்வேர் லைப்ரரி என்கிறார்கள். படிக்கிற நூலகம் இல்லை. தேதியையும் கிரகத்தையும் சொல்லிக் கூப்பிட்டால் இடத்தைச் சொல்லும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கைபேசியில் இருக்கும் ஜாதக ஆப்களில் பலவற்றுக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பது இந்தக் கணக்குப்பிள்ளைதான். மூல அட்டவணைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 206 கிலோமீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு சிறியதாகத் தெரியுமோ அவ்வளவு.

இனி என் வண்டவாளம். மகன் பைத்தான் மொழியில் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அவன் மீட்டிங்குக்குப் போய்விட்டான். தேதியைக் கிழமை, மாதம் இல்லாமல் ஒரே நாள் எண்ணாகக் கொடுக்க வேண்டும். கலி நாள் எண்ணுவது போலத்தான், ஆனால் இது கி.மு. 4713-ல் இருந்து. மார்ச் 29-க்கு 2460763.5. இதை வங்கிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரத்தை நம் கடிகாரப்படி கொடுக்காமல் ஐந்தரை மணியைக் கழித்துக் கிரீன்விச் நேரமாகக் கொடுக்க வேண்டும். இதை முதல் நாள் மறந்தேன். சனிக்கு அது பெரிய விஷயமில்லை, ஆள் மெதுவாக நடப்பவர். சந்திரனாக இருந்தால் மூன்று பாகை போயிருக்கும்.

பெரிய தவறு வேறு. சனி வானத்தில் எங்கே என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். ஆனால் மீனம் எங்கே தொடங்குகிறது? வட்டத்தில் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அயனாம்சம் என்று பெயர். நாம் சொல்லாவிட்டால், மேல்நாட்டு ஜோதிடர் சிலர் வைத்துக்கொண்ட ஒரு பூஜ்யத்தை அது தானாகவே எடுத்துக்கொள்ளும். நான் சொல்லவில்லை. நம்முடையதற்கும் அதற்கும் வித்தியாசம் 53 கலை. சனியின் நடைக்கு அது ஏறக்குறைய ஒரு வாரம். மார்ச் 29 ஏப்ரல் ஆனது இப்படித்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மென்பொருளின் பிழையைவிட என் பிழை ஏறக்குறைய 32 லட்சம் மடங்கு பெரியது.

அந்த 'நம்முடைய' பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எந்த ரிஷியும் சொன்னதில்லை. 1952 நவம்பரில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் இயற்பியல் மேதை மேகநாத் சாஹா, செயலாளர் என்.சி. லாஹிரி. அப்போது நாட்டில் சுமார் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள். ஒரே பண்டிகை ஊருக்கு ஒரு நாளில். கமிட்டி 1955-ல் அறிக்கை கொடுத்தது. சித்திரை நட்சத்திரத்தை 180 பாகையில் வைத்து, அதற்கு நேர் எதிரே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று தீர்மானம் ஆனது. ரேவதியை வைத்துத் தொடங்க வேண்டும் என்று வாதாடியவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. அவர்கள் கட்சி ஜெயித்திருந்தால் எல்லாப் பெயர்ச்சித் தேதியும் மாறியிருக்கும். சனியின் இடத்தை லேசரும் ரேடியோவும் சொல்கின்றன. மீனத்தின் எல்லையை டெல்லி அரசு போட்ட கமிட்டி சொல்கிறது. நம் அசோசியேஷன் மினிட்ஸ் மாதிரிதான்.

லாஹிரி அயனாம்சத்தைப் போட்டு மறுபடி ஓட்டினேன். மார்ச் 29 அப்படியே வந்து விழுந்தது. பிறகு எதிர்க்கட்சியின் 2026 மார்ச் 6-ஐக் கொடுத்துப் பார்த்தேன். அன்று சனி மீனத்தில் 8 பாகை தாண்டி இருப்பார். இது ஒரு முறை நேர்ந்த பிசகா என்று போன பெயர்ச்சியையும் சோதித்தேன். வாக்கியப்படி கும்பத்துக்குள் நுழைந்தது 2023 டிசம்பர் 20. அன்றும் அதே 8 பாகை. ஆக, வாக்கியச் சனி நிஜச் சனியைவிட எட்டு பாகை பின்தங்கி வருகிறார். பதினாறு முழு நிலாக்களை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம். சனி இருக்கும் தொலைவில் அது சுமார் 20 கோடி கிலோமீட்டர்.

இதை நான்காவது மாடி அம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், பையனுக்கு ஏழரை முடிந்ததே என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எங்க மாமனார் காலத்துல இருந்து பார்த்துட்டு வந்ததெல்லாம் தப்பா சார்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பட்டியலைக் கட்டியவர்கள் தப்பானவர்கள் இல்லை, அம்மா, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வானத்தோடு டேலி செய்வதை நடுவில் எங்கோ நிறுத்திவிட்டார்கள் என்றேன். எங்கே, ஏன் என்று கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

கோவில் கமிட்டி கூடியது. நம் குருக்கள் திருநள்ளாறு எப்படியோ அப்படியே என்று சொல்லிவிட்டார். கையைத் தூக்கச் சொன்னதில் அவர் பக்கம் அதிகம். கோவில் வழக்கம் கோவிலுக்கு, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நானும் கையைத் தூக்கினேன். ஏ பிளாக் நண்பர் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை முழுச் சந்திர கிரகணம் வந்தது. மொட்டை மாடிச் சாவியை வாங்கி நாற்காலி போட்டோம். மென்பொருள் தந்த நேரம் இரவு 9.57. மேகம் வந்து வந்து போனது, லெ ஜான்டீ ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. 9.55-க்கு விலகியது. 9.57 ஆகி ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் நிலாவின் ஓரம் கருக்கத் தொடங்கியதைப் பிள்ளைகள் சத்தம் போட்டுக் காட்டினார்கள். சோழிக்காரருக்கு 4 நிமிடம் என்பது எவ்வளவு பெரிய சாதனை என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. வெறும் கண்ணால் பார்க்கும்போது அந்தத் தொடக்கத்தையே ஒரு நிமிடம் முன்பின்னாகத்தான் பிடிக்க முடிகிறது.

பதினொரு மணிக்கு மேல் நிலா முழுக்கச் செம்பு நிறமாகி வெளிச்சம் அடங்கியதும், அதற்குக் கிழக்கே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றரை முஷ்டி தூரத்தில், வெளிர் மஞ்சளாக ஒரு புள்ளி சிமிட்டாமல் நின்றது. நான்காவது மாடி அம்மா மகனோடு வந்திருந்தார். அதுதான் சனி என்று காட்டினேன். "இவரா?" என்றார். இத்தனை வருடம் எள் விளக்கு ஏற்றியவர், அன்றுதான் ஆளை நேரில் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப இவர் மீனத்துலயா நிக்கிறார், கும்பத்துலயா?" என்று கேட்டார். திருக்கணிதப்படி மீனம் ஐந்து பாகை, வாக்கியப்படி இன்னும் கும்பம் என்றேன். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "கோடு எதுவும் தெரியலையேம்மா" என்றான்.

சனிப்பெயர்ச்சி ஹோமம் 2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. ஃபிளாட்டுக்கு அதே 300 ரூபாய், ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 3 மாலை, நிலா கிரகணத்தோடேயே உதிக்கிறது. 6.47-க்கு முடிந்துவிடும், அதனால் கிழக்கு ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கிடக்கும் பழைய பைப்புகளை அதற்குள் எடுத்துவிட்டால் நல்லது என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.